பெயரில்லாத நோய்



அமெரிக்காவின் தென்மேற்கே, நான்கு மாநிலங்களின் எல்லைகள் ஒரு புள்ளியிற் சந்திக்கும் வறண்ட நிலத்திலே நவாஹோ என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். 1993ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர்களுள் ஓர் இளைஞன், தேர்ந்த ஓட்டவீரன், தான் மணக்கவிருந்த பெண்ணின் மரணச்சடங்குக்குச் செல்லும் வழியிலே மூச்சுத் திணறி மாண்டான். அப்பெண்ணும் சில நாட்களுக்கு முன்னர் அவ்வாறே இறந்தவள். காய்ச்சலும் உடல்நோவும் முதலிற் காணும். பின்னர் நுரையீரலில் நீர் நிறையும். அவ்வாண்டு நோயுற்றோரிற் பாதிப்பேருக்கு மேல் பிழைக்கவில்லை.

காரணம் தெரியுமுன்னரே பத்திரிகைகள் சில அதற்கு 'நவாஹோக் காய்ச்சல்' என்று பெயரிட்டுவிட்டன. அப்பெயரின் சுமை பிள்ளைகள்மீதும் விழுந்தது. கலிபோர்ணியாப் பாடசாலையொன்றின் மாணவரோடு கடித நட்புக் கொண்டிருந்த நவாஹோச் சிறுவர் சிலர், அவர்களைக் காணச் செல்லவிருந்த வேளையிலே, வரவேண்டாம் என்று தடுக்கப்பட்டனர். சுற்றுலா நாளை எண்ணிக் காத்திருக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பல்லாண்டு கண்டவன் நான். அச்செய்தியை அவர்களுக்கு எடுத்துச் சொன்ன ஆசிரியரின் நிலையை எண்ணிப் பார்க்கின்றேன்.

அத்திலாந்தா நகரத்து நோய்த்தடுப்பு நிலையத்தார் சில வாரங்களுள் உண்மையைக் கண்டனர். அதற்குத் துணைநின்றது கொரியாவிற் பெற்ற அறிவாகும். 1951 முதல் 1953 வரை அங்கு போர்புரிந்த ஐக்கிய நாடுகளின் படைவீரர் ஏறத்தாழ மூவாயிரவரை ஒரு குருதிக்கசிவுக் காய்ச்சல் பற்றியது. 1976இல் கொரிய அறிஞர் லீ ஹோ வாங் அதன் வைரசை வயலெலியின் நுரையீரலிற் கண்டு, ஹந்தான் ஆற்றின் பெயரை அதற்கு இட்டார். அமெரிக்க நோயாளரின் குருதியிற் காணப்பட்டதும் அவ்வினத்து வைரசுக்கு எதிரான அடையாளமே. அதனைச் சுமந்தது மான் சுண்டெலி என்னும் சிற்றுயிர். அதன் எச்சமும் சிறுநீரும் உலர்ந்து தூசியோடு கலக்க, அதனைச் சுவாசிப்போரை நோய் பற்றுகின்றது. நம் வயல்களில் வரும் எலிக்காய்ச்சல் வேறு. அது பற்றீரியாவால் உண்டாவது.

நவாஹோ முதியோர் இதை வேறுவிதமாய் அறிந்திருந்தனர். மழையும் பனியும் மிக்க ஆண்டிலே பினியோன் மரங்கள் கொட்டைகளைச் சொரியும், சுண்டெலி பெருகும், பின்னர் இளையோர் மடிவர். 1918இலும் 1933இலும் இவ்வாறே நிகழ்ந்ததென அவர்கள் கூறினர். சுண்டெலி தீண்டிய ஆடையை எரித்துவிடுக என்பது அவர்தம் பழைய விதி. 1993க்கு முந்திய மாதங்களிலும் மழையும் பனியும் மிகுந்தே இருந்தன.

இன்னொன்றும் பின்னர்த் தெளிவாயிற்று. ஆர்ஜென்ரீனாவிலும் சிலியிலும் உள்ள இதன் உறவு வைரசொன்று மனிதரிடையே தொற்றக்கூடியது. வட அமெரிக்காவினதோ அவ்வாறு தொற்றுவதன்று. அங்கே பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அது மிக அரிதாகவே பற்றுகின்றது. பதின்ம வயதினரைப் பற்றினாலோ, பெரியோரைப் போலவே கொடிதாய் வருத்துகின்றது. ஆகவே, அன்று தடுக்கப்பட்ட சிறுவரால் எவருக்கும் ஆபத்து இருந்ததில்லை.

வைரசுக்கு அவ்விடத்துப் பெயரை இட முயன்றபோது மக்கள் எதிர்த்தனர். ஈற்றில் இட்ட பெயர் 'சின் நோம்பிரே'. ஸ்பானிய மொழியில் அதன் பொருள், பெயரில்லாதது.