வணிகச் சட்டம்: அடிப்படைக் கருத்துருக்கள்

வணிகச் சட்டம் என்பது வாங்குதல், விற்றல், கடன், கூட்டு முயற்சி, தொழில் நடத்துதல் ஆகியவற்றில் ஈடுபடுவோரின் உரிமைகளையும் கடமைகளையும் வரையறுக்கும் சட்டங்களின் தொகுப்பு ஆகும். இந்தியாவில் இது ஒரே சட்டமாக இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே இதன் வேர். தொடக்கத்தில் சரக்கு விற்பனையும் கூட்டாண்மையும் அச்சட்டத்தின் அத்தியாயங்களாகவே இருந்தன. பின்னர் அவை முறையே 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் தனிச் சட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. நிறுமங்களை இன்று 2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டம் ஆள்கிறது.

சட்டப் பாடநூல்களில் பெரும்பாலும் 'அ' என்பவர் 'ஆ' என்பவருக்குக் குதிரை விற்றுக்கொண்டே இருப்பார். இக்கட்டுரை அதற்கு மாறாக, பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விசாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பரவியுள்ள தோல் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. இவ்வூர்கள் அனைத்தும் முன்பு வேலூர் மாவட்டத்தில் இருந்தன. 2019இல் அம்மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. வணிகச் சட்டத்தின் ஏறத்தாழ எல்லா அடிப்படைக் கருத்துருக்களையும் இங்கே காணலாம். அச்சட்டம் எங்கே போதாமல் போகிறது என்பதையும் இங்கேயே காணலாம்.

ஒப்பந்தம்

ஒருவர் முன்மொழிந்து மற்றவர் ஏற்றுக்கொண்டால் அது வாக்குறுதி ஆகிறது. வாக்குறுதிக்கு ஈடாக ஏதேனும் தரப்பட்டால் அது உடன்பாடு. சட்டத்தின் துணைகொண்டு நிறைவேற்றக்கூடிய உடன்பாடே ஒப்பந்தம். ஆகவே எல்லா ஒப்பந்தங்களும் உடன்பாடுகளே; எல்லா உடன்பாடுகளும் ஒப்பந்தங்கள் அல்ல. ஒப்பந்தம் எழுத்தில் இருந்தே ஆகவேண்டும் என்ற பொது விதி இல்லை. தோல் மண்டியில் வாய்மொழியாகப் பேசி முடிக்கப்படும் விலையும் ஒப்பந்தமே; அதை மெய்ப்பிப்பதுதான் கடினம்.

உடன்பாட்டின் நோக்கம் சட்டத்திற்கு முரணாக இருந்தால் அது செல்லாது (பிரிவு 23). எடுத்துக்காட்டாக, ஓர் ஆலையின் கழிவுநீரை இரவில் லாரியில் ஏற்றிச் சென்று ஏரியில் கொட்டுவதற்கு ஒருவர் கூலி பேசுகிறார் என்று கொள்வோம். வேலை முடிந்தபின் ஆலை உரிமையாளர் கூலி தர மறுத்தால், லாரிக்காரர் நீதிமன்றத்தில் அதைக் கேட்க முடியாது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் தடை செய்த செயலுக்கான கூலியை எந்த நீதிமன்றமும் வாங்கித் தராது.

வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படுவது மறுபயன் எனப்படும். இங்கிலாந்துச் சட்டத்தில் வாக்குறுதி பெறுபவரே மறுபயனைத் தரவேண்டும். இந்தியச் சட்டம் அதிலிருந்து விலகியதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் சின்னய்யா எதிர் இராமய்யா (1882) வழக்கு காட்டுகிறது. ஒரு பெண்மணி தம் மகளுக்குச் சொத்தைத் தானமாக எழுதி, தம் உடன்பிறந்தவருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தரவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். மகளும் அவ்வாறே தருவதாகத் தனியே எழுதிக் கொடுத்தார். பின்னர், உடன்பிறந்தவரிடமிருந்து தமக்கு எந்த மறுபயனும் வரவில்லை என்று கூறித் தர மறுத்தார். தாய் தந்த சொத்தே போதிய மறுபயன் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒப்பந்தத்தை மீறியவர் இழப்பீடு தரவேண்டும் (பிரிவு 73). எனினும் மீறலின் இயல்பான விளைவாக எழும் இழப்புக்கும், இரு தரப்பும் முன்பே அறிந்திருந்த இழப்புக்கும் மட்டுமே பொறுப்பு உண்டு. நிறைவேற்றுவது இயலாததாகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாததாகும் (பிரிவு 56). ஆலை மூடப்பட்டதால் ஏற்றுமதிச் சரக்கை அனுப்ப முடியவில்லை என்பது இதற்குள் அடங்குமா? மூடலுக்கு ஆலையின் சொந்தத் தவறே காரணம் எனில் அடங்காது. தானே வருவித்துக்கொண்ட இயலாமையைச் சட்டம் சாக்காக ஏற்பதில்லை.

ஒப்படைப்பும் பற்றுரிமையும்

பாடநூல்களில் ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடும் ஒப்படைப்பு, தோல் தொழிலில் அன்றாட நடைமுறை ஆகும். வணிகர் பச்சைத் தோலை வாங்கித் தாமே பதனிடாமல், ஆலை வைத்திருக்கும் இன்னொருவரிடம் கூலிக்குப் பதனிடக் கொடுப்பார். இதை 'ஜாப் ஒர்க்' என்பர். ஆலையின் சுழல் உருளைகளில் கிடக்கும் தோல் ஆலைக்காரருடையது அன்று. பொருள் கைமாறுகிறது, உரிமை மாறுவதில்லை. இதுவே ஒப்படைப்பு (பிரிவு 148).

ஆலைக்காரர் அத்தோலை, சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பது போலக் காக்கவேண்டும் (பிரிவு 151). அவ்வாறு காத்தும் தீவிபத்திலோ வெள்ளத்திலோ தோல் அழிந்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை, இழப்பு வணிகரையே சாரும். மாறாக, சுண்ணாம்புத் தொட்டியில் அளவுக்கு மிஞ்சி ஊறவிட்டுத் தோல் கெட்டால் ஆலைக்காரர் ஈடு செய்யவேண்டும். கூலி வராவிட்டால், வேலை முடிந்த தோலைக் கூலி கிடைக்கும்வரை தம்மிடமே வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. இது பற்றுரிமை எனப்படும் (பிரிவு 170). தோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பின்னர் கூலி கேட்பவர் இவ்வுரிமையை இழக்கிறார். சிறு பதனிடுவோர் பலர் உறவும் பழக்கமும் கருதி அப்படித்தான் கொடுக்கின்றனர்.

அத்தகையோருக்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தரவேண்டிய தொகையை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் தரவேண்டும் என்றும், தவறினால் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும் என்றும் அது கூறுகிறது.

மாதிரி கண்டு விற்பனை

தோல் பெரும்பாலும் மாதிரியைக் காட்டியே விற்கப்படுகிறது. மாதிரி கண்டு நடக்கும் விற்பனையில், மொத்தச் சரக்கும் மாதிரியை ஒத்திருக்கவேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு வாய்ப்புத் தரவேண்டும். பார்வைக்குப் புலப்படாத குறை சரக்கில் இருக்கக்கூடாது (சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 17). மூன்றாவது நிபந்தனையின் அருமையைத் தோல் தொழில் செலவு செய்து கற்றது. பூஞ்சை பிடிக்காமலிருக்கத் தோலில் சேர்க்கப்பட்டுவந்த பென்டாகுளோரோபீனால் என்ற வேதிப்பொருளைச் செருமனி 1989இல் தடை செய்தது. நிறத்திலும் மென்மையிலும் மாதிரியோடு முற்றிலும் ஒத்த தோல், ஆய்வுக்கூடச் சோதனையில் தோற்றுத் திரும்பக்கூடும் என்ற நிலை உருவாயிற்று. 1990களில் சில ஆசோ சாயங்களுக்கும் இதே கதி நேர்ந்தது.

இத்தகைய தகராறில் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது வழக்கம். பன்னாட்டுச் சரக்கு விற்பனை குறித்த 1980ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை என்பதால் இதற்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு.

கூட்டாண்மையும் நிறுமமும்

பல தோல் ஆலைகள் குடும்பக் கூட்டாண்மைகளாகத் தொடங்கியவை. கூட்டாண்மையில் ஒவ்வொரு கூட்டாளியும் மற்றவர்களின் முகவர். அண்ணன் போட்ட கையெழுத்து தம்பியையும் கட்டுப்படுத்தும். நிறுவனத்தின் கடனுக்குக் கூட்டாளிகளின் சொந்த வீடும் நகையும்கூடப் பொறுப்பு. பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்யாத கூட்டாண்மை, தன் ஒப்பந்த உரிமைகளுக்காக வெளியாள் மீது வழக்குத் தொடுக்க முடியாது (பிரிவு 69).

நிறுமம் என்ற கம்பெனி இதற்கு மாறானது. அது தன் உறுப்பினர்களிலிருந்து வேறான சட்ட ஆள். உறுப்பினரின் பொறுப்பு அவர் வாங்கிய பங்கின் அளவோடு நின்றுவிடும். உலகெங்கும் சட்ட மாணவர்கள் இதற்குப் படிக்கும் வழக்கின் நாயகரும் ஒரு தோல் வணிகரே என்பது சுவையான தற்செயல். இலண்டனில் காலணி தயாரித்துவந்த ஆரன் சாலமன், 1892இல் தம் தொழிலை ஒரு நிறுமத்துக்கு விற்றார். மனைவியும் ஐந்து மக்களும் ஆளுக்கொரு பங்கு வைத்திருக்க, எஞ்சிய ஏறத்தாழ எல்லாப் பங்குகளும் அவருடையவை. விலையின் ஒரு பகுதிக்கு நிறுமத்தின் கடன் பத்திரங்களையும் அவர் பெற்றுக்கொண்டார். தொழில் நொடித்தபோது, நிறுமமே சாலமன்தான், எனவே கடன்களை அவரே அடைக்கவேண்டும் என்று வாதிடப்பட்டது. நிறுமம் வேறு, சாலமன் வேறு என 1896இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. பிணை இல்லாமல் கடன் கொடுத்திருந்த வணிகர்கள் வெறுங்கையோடு போயினர்.

மோசடிக்கு நிறுமத்தைப் போர்வையாக்கினால் நீதிமன்றம் அந்த முகத்திரையை விலக்கி உள்ளிருப்பவரைப் பார்க்கும். ஆனால் அது விதிவிலக்கே.

நிறும வடிவம் கூட்டுப் பணிக்கும் பயன்படுகிறது. ராணிடெக், ஆம்பூர்டெக், வாணிடெக் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுமங்களாக அமைக்கப்பட்டவை. தோல் ஆலைகளே அவற்றின் உறுப்பினர்கள்.

ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்பவர்

மேற்கூறிய எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு: உரிமை, கடமை இரண்டும் ஏதோ ஒரு வகையில் ஒப்புக்கொண்டவர்களுக்கு இடையே நிலவுபவை. பாலாற்றங்கரையில் தென்னையும் நெல்லும் பயிரிட்ட உழவர் எந்தத் தோல் ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. அவருடைய கிணற்று நீர்தான் உப்பாயிற்று.

1970களில் பச்சைத் தோல், அரைப்பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலை ஊக்குவித்தது. ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளால் வாரக்கணக்கில் செய்யப்பட்ட பதனிடலின் இடத்தைக் குரோமியப் பதனிடல் பெருமளவு பிடித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் தேவைப்படுவதாகவும், ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருட்கள் பயன்படுவதாகவும், தோல் ஆலைகள் உள்ள பகுதிகளில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டதாகவும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பின்னர் பதிவு செய்தது.

பாதிக்கப்பட்டவர் தீங்கியல் சட்டத்தின்கீழ் உரிமையியல் வழக்குத் தொடுக்கலாம். ஆனால் நூற்றுக்கணக்கான ஆலைகளில் எந்த ஆலையின் கழிவு தம் கிணற்றில் இறங்கியது என்பதை ஓர் உழவர் எப்படி மெய்ப்பிப்பார்? மெய்ப்பிக்கும் சுமை வழக்குத் தொடுத்தவரையே சாரும் என்ற வழக்கமான விதி, இங்கே உழவர்களின் வழியை அடைத்துவிடுகிறது.

வேலூர் குடிமக்கள் நலப் பேரவை, அரசமைப்பின் 32ஆம் உறுப்பின்கீழ் பொதுநல வழக்காக இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. நீதிபதிகள் குல்தீப் சிங், பைசான் உத்தின், கே. வெங்கடசாமி ஆகியோர் அடங்கிய அமர்வு 1996 ஆகத்து 28 அன்று தீர்ப்பளித்தது. அந்நியச் செலாவணி ஈட்டித் தரும், வேலைவாய்ப்பு வழங்கும் தொழில் என்பதை ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், அதனால் மட்டும் சூழலை அழிக்கும் உரிமை அத்தொழிலுக்கு வந்துவிடாது என்றது.

இத்தீர்ப்பு இரண்டு கோட்பாடுகளை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. ஒன்று, முன்னெச்சரிக்கைக் கோட்பாடு: அறிவியல் உறுதிப்பாடு முழுமையாக இல்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது, தன் செயல் தீங்கற்றது என்று காட்டும் சுமை தொழில் செய்பவரையே சாரும். உழவருக்கு எதிராக நின்ற விதி இதனால் தலைகீழானது. மற்றொன்று, மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற கோட்பாடு: பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீடு, சூழலை மீட்பதற்கான செலவு ஆகிய இரண்டையும் அவரே ஏற்கவேண்டும்.

ஐந்து மாவட்டங்களின் ஒவ்வொரு தோல் ஆலைக்கும் ரூ. 10,000 தண்டம் விதிக்கப்பட்டது. 1996 நவம்பர் 30க்குள் பொதுவாகவோ தனித்தோ சுத்திகரிப்பு வசதி செய்ய ஆணையிடப்பட்டது. இழப்பைக் கணக்கிட ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையமும், சூழல் வழக்குகளை விசாரிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி அமர்வும் அமைக்கப் பணிக்கப்பட்டது. ஆணையம் 2001இல், வேலூர் மாவட்டத்தில் சுமார் 29,000 பேருக்கு 500க்கும் மேற்பட்ட ஆலைகள் 26 கோடி ரூபாய்க்கு மேல் தரவேண்டும் எனத் தீர்மானித்தது. பகுத்துப் பார்த்தால் சராசரியாக ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாயைக்கூட இது எட்டவில்லை.

தீர்ப்புக்குப் பின்னும் சிக்கல் ஓயவில்லை. 2015 சனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, இரவில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்தனர்.

இழப்பீடு குறித்த வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. நீதிபதிகள் ஜே. பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் 2025 சனவரி 30 அன்று தீர்ப்பளித்தனர். இன்னும் இழப்பீடு பெறாதவர்களுக்கு மாநில அரசு ஆறு வாரங்களுக்குள் அதை வழங்கிவிட்டு, மாசுபடுத்திய ஆலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ளவேண்டும் என்றனர். பணம் கொடுத்ததோடு ஆலையின் பொறுப்பு முடிந்துவிடாது, சேதம் சீர்செய்யப்படும்வரை அது தொடரும் என்பதும் அத்தீர்ப்பின் பகுதி. முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு அமைத்துப் பாலாற்றின் நிலையை ஆராயவும் ஆணையிடப்பட்டது.