குறையற்ற மாந்தரும் இரசிகர் உள்ளமும்

காப்பியத்தின் நடுநாயகமாக விளங்குபவன் தனக்கு ஒப்பாரில்லாத் தலைவனாக இருத்தல் வேண்டும் என்பது நம் அணியிலக்கண நூலார் வகுத்த நெறி. கிரேக்க நாட்டுப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் கவிதையியல் பற்றிய தம் நூலில் வேறொரு கருத்தைக் கூறினார். அவல நாடகத்தின் தலைவன் நற்பண்பின் கொடுமுடியாகவும் இருத்தலாகாது, கொடியவனாகவும் இருத்தலாகாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவனாய், ஏதேனும் ஒரு பிழையினால் வீழ்பவனாய் இருத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. குறையே இல்லாத ஒருவனைக் கதையில் படைத்தால் மக்கள் அவனைப் போற்றுவார்களா, வெறுப்பார்களா? இவ்வினாவிற்கு நம் காலத்தில் விடை கூறியவர்கள் புலவர்கள் மட்டும் அல்லர்; வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்த பொதுமக்களும் விடை கூறினர். அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த அவ்வரலாற்றை மாணவர்கள் அறிந்துகொள்வது பயனுடையது.

1966 ஆம் ஆண்டு செப்டம்பர் 8 ஆம் நாள் என்.பி.சி. என்னும் அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனம் 'ஸ்டார் ட்ரெக்' என்ற தொடர் நாடகத்தைத் தொடங்கியது. விண்மீன்களுக்கிடையே செல்லும் 'எண்டர்பிரைஸ்' என்னும் கலத்தைப் பற்றிய கதை அது. அதனைப் படைத்தவர் ஜீன் ராடன்பெரி. மானிடர் தம் பூசல்களை ஒழித்து, அறிவாலும் அன்பாலும் உயர்ந்து வாழும் எதிர்காலம் ஒன்றை அவர் கனவு கண்டார். போர் அச்சமும் நிறவேற்றுமையும் மலிந்திருந்த அக்காலத்தில் அக்கனவு பலரை ஈர்த்தது.

அக்கலத்தில் இருந்தோருள் இரசிகர் உள்ளத்தை மிகுதியாகக் கவர்ந்தவர் ஸ்பாக் என்னும் பாத்திரம். லெனர்டு நிமாய் என்ற நடிகர் அவ்வேடம் தாங்கினார். ஸ்பாக் பேரறிவினர், உடல்வலி மிக்கவர், உணர்ச்சிக்கு இடங்கொடாதவர். மேலோட்டமாக நோக்கினால் குறையே இல்லாதவர் எனத் தோன்றும். ஆயினும் அவர் தந்தை வல்கன் என்னும் அயற்கோளினர். தாயோ நம் புவியில் பிறந்தவர். ஆகவே அவருக்குள் அறிவும் அன்பும் ஓயாது போரிட்டன. 1967 இல் ஒளிபரப்பாகிய ஒரு கதையில், விந்தையான ஒரு செடியின் நுண்துகள் பட்டு அவருடைய கட்டுப்பாடு தளர்கிறது. பின்னர்த் தெளிவு பெற்றபோது, தம் வாழ்வில் முதன்முறையாக அங்கேதான் மகிழ்ந்திருந்ததாக அவர் கூறுகின்றார். அவருடைய அமைதிக்கு அவர் கொடுத்த விலை எத்துணைப் பெரிதென்பதை இரசிகர்கள் அன்று உணர்ந்தனர். உயர்ந்தோனை மக்கள் வெறுப்பதில்லை. அவன் உயர்வின் விலையைக் காட்டினால் அவனைத் தம் நெஞ்சில் வைத்துப் போற்றுவர் என்பதற்கு ஸ்பாக் சான்று.

இத்தொடரின் இரசிகர்கள் வாளா இருந்து பார்த்தவர்கள் அல்லர். 1967 ஆம் ஆண்டிலேயே 'ஸ்பாக்கனேலியா' என்னும் இரசிகர் இதழ் தோன்றிற்று. தொடர் நிறுத்தப்படலாம் என்ற செய்தி பரவிய காலை, பீஜோ ட்ரிம்பிள் என்ற அம்மையாரும் அவர் கணவரும் முன்னின்று, நாடெங்குமிருந்து நிறுவனத்திற்கு மடல்கள் குவியுமாறு செய்தனர். 1968 இல் தொடர் மேலும் ஓராண்டிற்கு நீட்டிக்கப்பட்டது. 1969 ஜூன் 3 ஆம் நாள், 79 கதைகளோடு, அது முடிவுற்றது. ஆனால் இரசிகர்களின் ஆர்வம் முடிவுறவில்லை. அவர்கள் தாமே புதிய கதைகளை எழுதி, சைக்ளோஸ்டைல் முதலிய எளிய முறைகளில் அச்சிட்டுத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர்.

இக்கதைகளில் ஒரு விந்தை அடிக்கடி நேர்ந்தது. புதிதாக ஓர் இளம்பெண் கலத்திற்கு வருவாள். அவள் பேரழகி, எவருக்கும் தெரியாத கலைகளெல்லாம் அவளுக்குக் கைவந்தவை. கலத்தலைவர் முதல் கடைநிலைப் பணியாள் ஈறாக அனைவரும் அவளை வியப்பர். கலத்திற்குப் பேரிடர் வரும். அவளே அதனைக் காப்பாள். எழுதியவர் தம்மையே அழகுபடுத்திக் கதைக்குள் அனுப்பிவைத்தார் என்பது வெள்ளிடை மலை. இதனைக் கண்ட பாலா ஸ்மித் என்னும் இரசிகை 1973 டிசம்பரில், 'மெனாஜரி' என்ற இதழில், ஒரு குறுங்கதை வெளியிட்டார். அதன் தலைவி மேரி சூ என்பாள். வயது பதினைந்தரை, விண்படையிலேயே மிக இளைய அதிகாரி. வந்த உடனே அனைவர் அன்பையும் பெற்று, கலத்தைத் தனியொருத்தியாக நடத்தி, நோபெல் அமைதிப் பரிசும் பெற்று, எல்லாரும் கண்ணீர் சிந்த உயிர்விடுகின்றாள். ஒரு பக்க அளவேயான அந்நையாண்டி இரசிகர் உலகையே சிரிக்க வைத்தது. அதுமுதல் குறையற்ற பாத்திரத்திற்கு 'மேரி சூ' என்பதே பெயராயிற்று. தம் கூட்டத்தாரின் குறையைத் தாமே கண்டு நகைத்துத் திருத்திக்கொள்வது சிறந்த பண்பன்றோ? அப்பண்பு அன்று அவர்களிடம் இருந்தது.

இனி வரலாற்றின் முரணைக் காண்போம். பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 1987 செப்டம்பரில் 'ஸ்டார் ட்ரெக்: அடுத்த தலைமுறை' என்னும் புதுத் தொடரை ராடன்பெரி தொடங்கினார். புதிய கலத்தின் மருத்துவர் பெவர்லி கிரஷர் என்ற அம்மையார். அவருக்கு வெஸ்லி என்றொரு மகன். தொடரின் தொடக்கத்தில் அவனுக்குப் பதினைந்து வயது. வெஸ்லி என்பது ராடன்பெரியின் சொந்தப் பெயரின் நடுப்பகுதி என்பதை நோக்குக. அவருடைய முழுப்பெயர் யூஜீன் வெஸ்லி ராடன்பெரி. இரசிகர்கள் 1973 இல் எள்ளி நகையாடிய அதே பிழை, இப்பொழுது படைத்தவர் கையாலேயே மீண்டும் பிறந்தது.

இரண்டாவது கதையிலேயே கலம் அழிவின் விளிம்பில் நிற்கின்றது. முதிர்ந்த பொறியாளர்கள் தடுமாறுகின்றனர். சிறுவன் வெஸ்லி தான் அமைத்த கருவியைக் கொண்டு கலத்தைக் காக்கின்றான். மூன்று வாரம் கழித்து வந்த கதையில், வேற்றுலகப் பயணி ஒருவர் அவனை இசைமேதை மொசார்ட்டுக்கு நிகரானவன் என்று கலத்தலைவர் பிக்கார்டிடம் புகழ்கின்றார். பிக்கார்டும் அவனுக்குத் தற்காலிக அதிகாரிப் பதவி அளிக்கின்றார். 1988 ஜனவரியில் வந்த ஒரு கதையிலோ, வஞ்சகன் ஒருவனின் ஆள்மாறாட்டத்தை வெஸ்லி ஒருவனே கண்டுகொள்கின்றான். கலத்தலைவரும் தாயும் அவனை வாயடைக்குமாறு அதட்டுகின்றனர். கதைப்படி அவன் கூற்றே சரி. பெரியோர் கூற்றே தவறு. ஆயினும் அவ்வதட்டலைக் கேட்டு இரசிகர்கள் களித்தனர்; அச்சொற்றொடர் பல ஆண்டுகள் அவர்கள் வாயில் வேடிக்கை மொழியாக வழங்கிற்று.

இவ்வெறுப்பிற்குக் காரணம் யாது? அறிவுடைய சிறுவன் ஒருவனை மக்கள் ஏன் வெறுத்தல் வேண்டும்? மூன்று காரணங்கள் புலப்படுகின்றன.

முதலாவது, வெஸ்லியின் திறமைக்கு உழைப்பும் தோல்வியும் காட்டப்படவில்லை. அவன் கற்பதைக் காண்பதற்கு முன்னரே அவன் வெல்வதைக் கண்டோம். இரண்டாவது, அவன் உயர வேண்டும் என்பதற்காகப் பிறர் தாழ்த்தப்பட்டனர். தேர்ந்த அதிகாரிகள் நிறைந்த கலத்தை ஒரு சிறுவன் காக்க வேண்டுமாயின், அவ்வதிகாரிகள் அறிவிலிகளாதல் வேண்டுமன்றோ? மூன்றாவது, அவன் புகழைக் கதையே ஓயாது கூவிற்று. பார்ப்பவர் தாமாக வியந்துகொள்ள இடமே வைக்கவில்லை. நெடுங்காலம் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் இதனை நான் நன்கறிவேன். நன்றாகப் படிக்கும் மாணவனை உடன்பயில்வோர் வெறுப்பதில்லை; ஆசிரியர் நாள்தோறும் எடுத்துக்காட்டிப் புகழும் மாணவனையே வெறுப்பர். அங்கே குறை மாணவனுடையது அன்று, ஆசிரியருடையது.

ராடன்பெரியின் நோக்கம் தீயதன்று. எதிர்கால மனிதர் அற்பப் பூசல்களைக் கடந்தவராதலின், கலத்தில் உள்ளோர் தமக்குள் சண்டையிடலாகாது என்று அவர் விதித்தார். குறிக்கோள் உயர்ந்தது. ஆனால் மோதல் இன்றி நாடகம் எழுதுதல் அரிது. 1989 இல் எழுத்தாளர் குழுவின் தலைமையை ஏற்ற மைக்கேல் பில்லர், இவ்விதியை ராடன்பெரியின் பெட்டி என்றே குறிப்பிட்டார். அப்பெட்டிக்குள் இருந்துகொண்டே நல்ல கதை எழுதுவது அவருக்குற்ற சோதனையாயிற்று.

இங்கு வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. வெஸ்லியாக நடித்தவர் வில் வீட்டன். 1986 இல் 'ஸ்டாண்ட் பை மீ' என்ற திரைப்படத்தில் நடித்துப் புகழ் பெற்றவர். தொடர் தொடங்கிய காலை அவருக்கும் வயது பதினைந்தே. பேச்சை எழுதியவர் வேறு; பேசியவர் அவர். இரசிகர் சிலரோ எழுதியவரை விட்டுப் பேசிய சிறுவனைப் பற்றினர். கணிப்பொறி வழியே கருத்துப் பரிமாறிய அக்காலக் குழுக்களுள் ஒன்று, வெஸ்லி சாக வேண்டும் என்பதை மும்முறை கூறும் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. 1973 இல் ஒரு பக்க நையாண்டியாக மலர்ந்த நகைச்சுவை, ஒரு தலைமுறைக்குள் இவ்வாறு நஞ்சாகத் திரிந்தது. அவ்வெறுப்பு தம் இளமையை எவ்வாறு புண்படுத்திற்று என்பதை வீட்டன் பின்னாளில் எழுதியுள்ளார். பாத்திரத்தின் குறை நடிகர் குறையன்று என்பது சிறு குழந்தையும் அறியத்தக்க உண்மை; ஆயினும் கூட்டமாகச் சேரும்பொழுது பெரியோரும் அதனை மறந்துவிடுகின்றனர்.

படைப்பாளர்கள் தம் பிழையை உணர்ந்து திருத்தினர் என்பது இவ்வரலாற்றின் நற்பகுதி. வெஸ்லியின் தந்தை பிக்கார்டின் தலைமையில் பணியாற்றிய காலத்தே இறந்தவர். இத்துயரம் கதையில் தொடக்கமுதலே இருந்தும் போதிய அளவு பயன்படவில்லை. 1990 இல் வந்த ஒரு கதையில், தான் கைக்குழந்தையாக இருந்தபோது தந்தை பதிவு செய்து வைத்த உருவையும் பேச்சையும் வெஸ்லி காண்கின்றான். மேதை மறைந்து, தந்தையை அறியாத மகன் அங்கே தோன்றினான். அவ்வாண்டின் இறுதியில் வீட்டன் தொடரின் நிலையான நடிகர் என்ற நிலையிலிருந்து விலகினார்.

ஆனால் சிறந்த திருத்தம் 1992 மார்ச்சு 30 ஆம் நாள் வந்தது. அக்கதையின் பெயர் 'முதற் கடமை'. ரொனால்டு மூர், நரேன் சங்கர் என்னும் இருவர் எழுதியது. வெஸ்லி இப்பொழுது விண்படைக் கல்லூரி மாணவன். அவனும் தோழர்களும் தடைசெய்யப்பட்ட ஒரு வீர விளையாட்டை வானில் நிகழ்த்த முயல்கின்றனர். உடன்பறந்த மாணவன் ஒருவன் உயிரிழக்கின்றான். குழுத்தலைவன் உண்மையை மறைக்குமாறு பணிக்க, வெஸ்லியும் உடன்படுகின்றான். இறந்தவன் மீதே பழி விழுகின்றது; அவனுடைய தந்தையோ வெஸ்லியிடம் தம் மகனுக்காக மன்னிப்புக் கோருகின்றார். உண்மையை உய்த்துணர்ந்த பிக்கார்டு, உண்மைக்கு உரியதே ஓர் அதிகாரியின் முதற் கடமை என்று இடித்துரைக்கின்றார். இறுதியில் வெஸ்லி எழுந்து உள்ளதை உரைக்கின்றான். ஓராண்டுக் கல்வியை இழக்கின்றான். தோழர் நடுவில் தலைகுனிந்து வாழ வேண்டியவனாகின்றான். கலத்தைப் பன்முறை காத்தும் பெறாத மதிப்பை, பொய்யுரைத்து, நாணி, உண்மைக்குத் திரும்பிய அந்த ஒரு நாளில் அவன் பெற்றான் எனலாம்.

இன்னும் ஒன்று கூறல் வேண்டும். மேரி சூ என்னும் பெயர் நாளடைவில் படைக்கலமாக மாறிற்று. திறமையுள்ள பெண் பாத்திரம் எதுவாயினும் அப்பெயரிட்டு இகழ்வது சிலருக்கு வழக்கமாயிற்று. இவ்விகழ்ச்சிக்கு அஞ்சி, இரசிகர் இதழ்களில் எழுதிய பெண்கள் பெண் பாத்திரங்களைப் படைக்கவே தயங்கினர் என்பதைக் காமில் பேகன்-ஸ்மித் என்னும் ஆய்வாளர் 1992 இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். குறையைச் சுட்டப் பிறந்த சொல், குறையில்லாதாரையும் சுடத் தொடங்கிற்று. நல்ல விமரிசனச் சொல்லும் ஆராயாது வீசப்படுமாயின் வசைச் சொல்லாகிவிடும்.

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை கதையும் நாடகமும் எழுதக்கூடும். எழுதாதவரும் கண்டும் கேட்டும் மதிப்பிடவே போகின்றீர்கள். எழுதுவோர் அறிய வேண்டுவது: உங்கள் தலைவனை எவ்வளவு உயரமான மலையிலும் நிறுத்துங்கள், ஆனால் அவன் ஏறிய வழியை மறைக்காதீர்கள். மதிப்பிடுவோர் அறிய வேண்டுவது: பிடிக்காத பாத்திரத்தைப் பிடிக்கவில்லை என்று கூற உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஏன் பிடிக்கவில்லை என்று ஆராய்ந்து கூறினால் கலை வளரும்; நடித்தவரை ஏசினால் ஒரு மனித உள்ளம் புண்படுவதன்றி வேறு பயன் விளையாது. வில் வீட்டன் 2022 இல், தம் ஐம்பதாவது வயதை நெருங்கிய காலத்தில், மற்றொரு ஸ்டார் ட்ரெக் தொடரில் வெஸ்லியாகவே மீண்டும் தோன்றினார். புண்பட்ட அவ்வுள்ளம் அதுவரை கடந்து வந்த ஆண்டுகள் பல. ஒரு சொல்லை வீசுவதற்குமுன் அவ்வாண்டுகளை எண்ணிப் பார்த்தல் நன்று.