பம்பாய்க் காவற்கப்பல்களின் ஓய்வு (1903–1904): ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

ஜெயங்கொண்டத்தை அடுத்த கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதலாம் இராசேந்திரன், 1025இல் கடாரத்தின் மீது கப்பற்படை அனுப்பியதை இவ்வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். படை புறப்பட்ட வரலாற்றைப் போற்றும் நாம், போர்க்கப்பல்கள் பணியிலிருந்து விலக்கப்பட்ட வரலாற்றை அவ்வளவாகக் கவனித்ததில்லை. கடலாற்றல் யார் கையில் இருந்தது என்பதை அந்த வரலாறும் தெளிவாகச் சொல்லும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய்த் துறைமுகக் காவற்கப்பல்கள் விற்கப்பட்டதை அந்த நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

கப்பல்களின் தோற்றம்

பம்பாயைக் காக்க ‘அபிசீனியா’, ‘மக்தாலா’ என்னும் இரு கவசக் கப்பல்கள் 1870இல் இங்கிலாந்தில் நீரில் இறக்கப்பட்டன. 1868இல் நேப்பியர் தலைமையில் நடந்த அபிசீனியப் போரின் நினைவாக அவற்றுக்குப் பெயரிட்டனர். எட்வர்ட் ரீடு உருவாக்கிய வடிவமைப்பு அது. பக்கச்சுவர் நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே நிற்கும். தளத்தின் நடுவே இரும்புக் கவச அரண். சுழலும் இரு கோபுரங்களில் நான்கு பீரங்கிகள். துறைமுகத்தை விட்டு நெடுந்தொலைவு சென்று போரிட இவை ஏற்றவையல்ல. பின்னர் 1890இல் இந்தியாவுக்கென ‘அசாயே’, ‘பிளாசி’ என்னும் டார்பிடோ பீரங்கிப் படகுகள் இரண்டு நீரில் இறக்கப்பட்டன. நான்கு கப்பல்களுமே ஆங்கிலேயர் வென்ற போர்களின் பெயர்களைச் சுமந்தன.

விலக்கத்தின் காரணங்கள்

முதற்காரணம் தொழில்நுட்பம். வாய்வழியே குண்டு திணிக்கும் பழைய பீரங்கிகளுக்குப் பதிலாக 1892இல் கவசக் கப்பல்கள் இரண்டிலும் பின்புறம் குண்டேற்றும் பீரங்கிகள் பொருத்தப்பட்டன. ஆனால் கவசத்தை மாற்ற வழியில்லை. 1890களில் வந்த க்ரூப் எஃகின் முன் பழைய இரும்புக் கவசம் வலுவிழந்தது. வேகமும் மணிக்குச் சுமார் 10 கடல்மைல்தான்.

இரண்டாவது காரணம் போர்க்கொள்கை. எதிரியின் கடற்படையை நடுக்கடலிலேயே அழித்துவிட்டால் துறைமுகத்துக்குத் தனிக் காவல் வேண்டாம் என்ற கருத்து லண்டனில் வலுப்பெற்றது. அதன்படி கிழக்கிந்தியக் கடல் பிரிட்டிஷ் கடற்படையின் பொறுப்பாயிற்று. அதற்காக இந்திய வருவாயிலிருந்து ஆண்டுதோறும் சுமார் 1 லட்சம் பவுண்டு செலுத்தப்பட்டது.

அபிசீனியா 1903 ஜனவரியிலும் மக்தாலா 1904 ஜனவரியிலும் விற்கப்பட்டன. டார்பிடோ பீரங்கிப் படகுகள் இரண்டும் 1904 மே மாதம் விலைபோயின. 150க்கும் மேற்பட்ட பழைய கப்பல்களை விலக்கியவர் என அறியப்படும் ஜான் ஃபிஷர், கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்றது 1904 அக்டோபரில்தான். எனவே பம்பாய்க் கப்பல்களின் விலக்கத்தை அவருடைய சீர்திருத்தத்தின் பகுதியாகக் கொள்வது கால வரிசைக்கு ஒவ்வாது.

விளைவுகள்

இவ்விரு கவசக் கப்பல்களுக்கு முன்னோடியான ‘செர்பரஸ்’ ஆஸ்திரேலியாவின் விக்டோரியா குடியேற்றத்துக்குச் சென்றது. 1926இல் மெல்போர்ன் அருகே அலைதடுப்பாக மூழ்கடிக்கப்பட்ட அதன் உடலை இன்றும் காணலாம். பம்பாய்க் கப்பல்களுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் ‘எம்டன்’ சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. எண்ணெய்க் கலன்கள் பற்றி எரிந்தன. மணிக்கு 23 கடல்மைலுக்கும் மேல் விரையும் அக்கப்பலைப் பழைய காவற்கப்பல்கள் தடுத்திருக்க இயலாது. ஆனால் அவற்றின் இடத்தில் இந்தியாவுக்கெனப் புதிய போர்க்கப்பல்கள் கட்டப்பட்டிருக்கவில்லை. இந்திய அரசின் கடற்பணிப் பிரிவான இராயல் இந்தியன் மரைன், துருப்புகளை ஏற்றிச் செல்வது, கடலளவை ஆகிய பணிகளையே பெரிதும் செய்துவந்தது. 1928இல்தான் அது போர்ப்படையாக்கப்பட்டது. 1934இல் இராயல் இந்தியக் கடற்படை ஆயிற்று.

முடிவுரை

பயன் தீர்ந்த கப்பல்களை விலக்கியது தொழில்நுட்ப நோக்கில் சரியான முடிவே. மாற்றுக் கப்பல் தராமல் விலக்கியதுதான் குறை. வரி கொடுத்த மக்களுக்குத் தம் கரையை எப்படிக் காப்பது என்று முடிவெடுக்கும் உரிமை இல்லாததால் அக்குறை கால் நூற்றாண்டு நீடித்தது. ஆகவே கடற்படை வரலாற்றை எழுதுவோர், கப்பல்கள் நீரில் இறங்கிய ஆண்டுகளோடு அவை விலக்கப்பட்ட ஆண்டுகளையும், விலக்கும் முடிவை எடுத்தவர்களையும் பதிவுசெய்தல் வேண்டும்.