கசற்றுக்கு முந்திய மேடை

கோயில் திருவிழா என்றால் இலங்கையின் வன்னியில் உழவு இயந்திரப் பெட்டி நிறையச் சனம் புறப்படும். பாய், சாப்பாட்டுப் பாத்திரம், தூங்கிவழியும் பிள்ளைகள், ஓர் அரிக்கன் லாம்பு. பூசை முடிந்து சாமி உள்வீதி சுற்றி இருப்புக்குப் போனபின்தான் பலருக்குத் திருவிழாவே தொடங்கும். வெளிவீதி மணலில் பாயை விரித்துப்போட்டு மேடையைப் பார்த்தபடி இருப்பார்கள். சில இரவுகளில் சின்னமேள ஆட்டம், சில இரவுகளில் அரிச்சந்திர மயானகாண்ட நாடகம். 1970களிலிருந்து மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது கோஷ்டி.

ஊரில் கோஷ்டி என்றால் மெல்லிசைக் குழு. யாழ்ப்பாணத்திலிருந்து கண்ணன் கோஷ்டி, அருணா கோஷ்டி என்று பெயர்பெற்ற குழுக்கள் வரும். கோயில் நோட்டீஸில் அவற்றின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும். மேடையில் ஓர்கன், தபேலா, பொங்கோஸ், ட்ரம் செற், இரண்டு கிற்றார். கிற்றார் ஒன்று முன்னின்று பேசும், மற்றது அடியில் நின்று தாளத்தைத் தாங்கும். மின்சாரக் கம்பி எட்டாத ஊர்களில் வேலிக்கு அப்பால் ஜெனரேற்றர் ஒன்று விடியும்வரை இரைந்துகொண்டிருக்கும்.

நாதஸ்வரமும் தவிலும் ஆண்ட கோயில் வீதிக்குக் கிற்றார் வந்து சேர்ந்த கதை நீளமானது. 1505இல் கரையிறங்கிய போர்த்துக்கேயரும் அவர்களோடு வந்த ஆபிரிக்கரும் இத்தீவில் விட்டுச்சென்ற ஆட்டப் பாட்டு, கரையோர ஊர்களில் பைலாவாக வளர்ந்தது. அதை இருபதாம் நூற்றாண்டில் சிங்கள மேடைக்குக் கொண்டுவந்தவர் வொலி பஸ்தியன். அவர் ஒரு பொலிஸ்காரர். அதே துள்ளலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் உரும்பிராய் நித்தி கனகரட்ணம். 1960களின் பிற்பகுதியில் அம்பாறை ஹார்டி நிறுவகத்தில் படித்துக்கொண்டிருந்தவர் கிற்றாரும் கையுமாக மேடையேறி, ‘சின்ன மாமியே’ என்ற பாட்டால் தீவெங்கும் அறியப்பட்டார். சங்கீத சபைக்காரர் சிலர் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் மாமியும் மச்சானும் கள்ளுக்கடையும் யாழ்ப்பாணப் பேச்சிலேயே பாட்டாகி வந்தபோது, இந்தியச் சினிமாவின் உதவியில்லாமல் ஈழத்தமிழர் தங்களுக்கென்று ஒரு பாட்டு வகையை அமைத்துக்கொண்டார்கள். அதைப் பொப்பிசை என்றார்கள். பின்னால் வந்த ஏ. ஈ. மனோகரன் ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ என்று பெயரெடுத்து, ‘சுராங்கனி’யோடு கடல் கடந்து தமிழ்நாட்டையும் ஆடவைத்தார். 1977இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் அது சினிமாப் பாட்டாகவும் ஆனது.

இந்த இசைக்கு வன்னியில் காது இருந்தது; செலவழிக்கக் கையில் காசும் இருந்தது. 1920இல் இரணைமடுக் குளம் கட்டிமுடிக்கப்பட்டபின் கிளிநொச்சியைச் சுற்றி வயற்காணிகளும் குடியேற்றங்களும் பெருகின. 1960களில் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர் திட்டத்தில் காணி பெற்ற இளைஞர்கள் காடு வெட்டி மிளகாய் நட்டார்கள். 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்தது. வானொலிப் பெட்டி வாங்க முடிந்தது, திருவிழா உபயத்துக்கு யாழ்ப்பாணக் கோஷ்டியைக் கூப்பிடவும் முடிந்தது. முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டங்களாயின. அரச வரைபடத்தில் பெயர் ஏறுமுன்பே இந்த ஊர்களுக்குத் திருவிழா மேடையில் ஒரு பெயர் இருந்தது.

கோஷ்டிக் கிற்றார்காரரின் தொழில் இலேசானதல்ல. சுரக்குறிப்புத் தாள் கிடையாது. புதுப்படப் பாட்டை வானொலியில் கேட்டு, மனதில் பிடித்து, விரலுக்குக் கொண்டுவர வேண்டும். 1982இல் ‘இளைய நிலா’ பாட்டு வந்தபின் அந்தத் தொடக்கக் கிற்றாரை வாசிக்கத் தெரியாதவர் மேடையில் நிற்கவே முடியாது என்ற நிலை. மறுநாள் காலை அதே விரல்கள் மண்வெட்டியையோ வகுப்பறைச் சோக்கையோ பிடிக்கும். இசையை மட்டும் நம்பிச் சீவித்தவர்கள் மிகக் குறைவு.

உலகின் மறுபக்கத்திலும் இதே சீவியந்தான். அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரத்துக் கறுப்பினக் கலைஞர் வெஸ் மொன்ற்கோமரி 1923இல் பிறந்தவர். சுரக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. கிற்றார்காரர் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டே ஜாஸ் கிற்றார் பழகினார். சத்தம் அயலவருக்குத் தொல்லையாகக்கூடாது என்று பெருவிரலால் மெதுவாக மீட்டத் தொடங்கியவர், பிற்பாடு அந்தப் பெருவிரலாலேயே அடையாளம் காணப்பட்டார். பகலில் தொழிற்சாலை, இரவில் உள்ளூர்க் கிளப் என்று ஆண்டுகள் கழிந்தன. 1959இல் கனன்போல் அடெர்லி என்ற சாக்ஸபோன் கலைஞர் அவருடைய வாசிப்பைக் கேட்டு வியந்து, ரிவர்சைட் இசைத்தட்டு நிறுவனத்துக்குச் சொன்னார். அந்த ஒக்டோபரில் தன் குழுவின் தலைவராக முதல் இசைத்தட்டைப் பதிந்தபோது அவருக்கு வயது 36. அதன்பின் ஒன்பது ஆண்டுகூட உயிரோடு இருக்கவில்லை. 1968இல் மாரடைப்பில் இறந்தார்.

கிளிநொச்சியின் எஸ். ஜி. சாந்தனுக்கும் ஒலிப்பதிவு பிந்தித்தான் வந்தது. அவர் கிற்றார்காரர் அல்லர், பாடகர். கோயில் மேடைகளிலும் இசைக்குழுக்களிலும் பாடி, இசைநாடகத்திலும் நடித்துத் தேர்ந்த குரல் அது. உச்சத்தில் உடையாது, இறங்கும்போது தழுதழுக்கும். ஒலிவாங்கி கெட்டுப்போனாலும் கடைசிப் பாய்வரை கேட்க வேண்டும் என்ற மேடைப் பயிற்சியை அந்தக் குரலில் கேட்கலாம். 1990இல் அவர் ஒலிநாடாவுக்காகப் பாடிய முதற்பாட்டு ‘இந்த மண் எங்களின் சொந்த மண்’. எழுதியவர் கவிஞர் புதுவை இரத்தினதுரை. இசையமைத்தவர் அதே கண்ணன் கோஷ்டியின் கண்ணன். வெளியிட்டது விடுதலைப் புலிகள் இயக்கம். அது போர்க்காலப் பாட்டு, போருக்கு ஆள் சேர்த்த பாட்டுகளோடு சேர்ந்து ஒலித்தது. அந்தப் பாட்டை இன்று கேட்பவர்கள் அரசியலில் எங்கும் நிற்கலாம். ஆனால் திருவிழா மேடையில் வளர்ந்த ஒரு பாடகரும் ஒரு கோஷ்டித் தலைவரும் இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை என்பது இசை வரலாறு. அந்த வரலாற்றைப் பேசுவோர் குறைவு.

அதே 1990இல் போரினால் வடக்குக்கு மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளானது. வீடுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்னில் மற்றவர்கள் பாட்டுக் கேட்டார்கள். சுற்றுபவருக்குக் கை களைத்தால் பாடகரின் குரல் இழுபட்டுத் தடிக்கும். மாற்றாள் வந்து வேகமாகச் சுற்றினால் சரியாகும். ஒரு பாட்டைக் கேட்க இவ்வளவு உடலுழைப்பைக் கொடுத்த இரசிகர்கள் வேறெங்கும் இருந்திருப்பார்களா?

போர் முடிந்தபின் சாந்தன் மீண்டும் கோயில்களுக்கே திரும்பினார். பக்திப் பாடல்கள் பாடினார், திருவிழாக்களில் மேடையேறினார். நோயுற்று, 2017 பெப்ரவரி 26 அன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காலமானார். ஒலிநாடாவிலும் இறுவட்டிலும் பாடியவை தப்பின. அவற்றுக்கு முன் ஆண்டுக்கணக்காக இரவிரவாகப் பாடியவற்றில் எவ்வளவு எஞ்சியிருக்கும்? அந்த இரவுகளில் அவருக்குப் பக்கத்தில் நின்று கிற்றார் வாசித்தவர்களின் பெயர்களாவது எங்கே எழுதப்பட்டிருக்கின்றன?

பதிவு தப்பினால் என்ன நடக்கும்? அமெரிக்காவின் மிசிசிப்பியைச் சேர்ந்த புளூஸ் கலைஞர் றொபேட் ஜோன்சன் 1936இலும் 1937இலும் 29 பாட்டுகளைப் பதிந்துவிட்டு, 27 வயதில் இறந்துபோனார். அவற்றில் பதினாறு ஒரு முழு இசைத்தட்டாகத் தொகுக்கப்பட்டது 1961இல். அவர் இறந்து இருபத்துமூன்று ஆண்டுகளின் பின் வந்த அந்தத் தட்டைக் கேட்டுத்தான் இங்கிலாந்தில் எரிக் கிளப்டன் போன்ற கலைஞர்கள் கிற்றாரை வேறுவிதமாகப் பிடித்தார்கள். பழைய தட்டுகளைத் தேடி எடுத்துக் காப்பாற்றிய சிலரால் நடந்த காரியம் இது.

வன்னியில் அந்தத் தேடல் இன்னும் கடினம். 2008–2009இல் இறுதிப் போரின்போது கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை இடம்பெயர்ந்த சனம் சமையற் பாத்திரங்களையே வழியில் விட்டுப்போனது. கசற் பெட்டியைச் சுமந்தவர் எத்தனை பேர்? ஆனாலும் எல்லாம் அழிந்துவிடவில்லை. திருவிழாவில் பதிந்த கசற்றை வவுனியாவில் உறவினர் வீட்டில் விட்டுவைத்தவர்கள் உண்டு. முன்பே ரொறன்ரோவுக்கோ பாரிசுக்கோ கொண்டுபோனவர்களும் உண்டு. கசற்றின் காந்தப் பூச்சு ஆண்டுதோறும் உதிர்கிறது. இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கும் பணியை நூலகம் நிறுவனம் 2005 முதல் செய்துவருகிறது. உங்கள் அலுமாரியில் ஒரு கோயில் நோட்டீஸோ, கோஷ்டியின் படமோ, பெயர் எழுதாத கசற்றோ கிடந்தால் அவர்களிடம் சேருங்கள். அந்த மேடையில் கிற்றார் வாசித்த ஒருவர் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால், இந்த வார விடுமுறையிலேயே போய், முன்னால் ஒரு கைத்தொலைபேசியை வைத்து, வாசிக்கச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள்.