மட்டக்களப்பு மாநகர சபை: முதல்வரை யார் தெரிவு செய்கிறார்கள்?

மாநகர சபைத் தேர்தலில் மட்டக்களப்பு வாக்காளருக்குக் கிடைப்பது ஒரு வாக்குச்சீட்டு, ஒரு புள்ளடி. அதைக் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ இடலாம். விருப்பு வாக்கு இல்லை. முதல்வர் யார் என்று அந்தச் சீட்டு கேட்பதேயில்லை.

2018 பெப்ரவரி 10 முதல் நடைமுறையில் இருப்பது கலப்பு முறை. ஆசனங்களில் 60 சதவீதம் வட்டாரங்களுக்கு, 40 சதவீதம் கட்சிப் பட்டியலுக்கு. புளியந்தீவிலோ கல்லடியிலோ ஒரு வட்டாரத்தில் அதிக வாக்கு எடுத்த கட்சியின் வேட்பாளர் உறுப்பினராகிறார். தோற்ற கட்சிகளின் வாக்குகளும் வீணாவதில்லை. மாநகரம் முழுவதும் கூட்டப்பட்டு, பட்டியல் ஆசனங்களாகத் திரும்பி வருகின்றன. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஒரு கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை கிடைப்பது அரிதாகிவிட்டது.

பாதிக்கு மேல் ஆசனம் உள்ள கட்சி முதல்வரை நேரடியாக நியமிக்கலாம். இல்லாவிட்டால் முதல் அமர்வில் உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். அது பகிரங்கமா இரகசியமா என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள். சமநிலை வந்தால் திருவுளச்சீட்டு. 2018இல் தமிழரசுக் கட்சியின் தி. சரவணபவனும், 2025 மே 6 தேர்தலுக்குப் பின் அதே கட்சியின் சிவம் பாக்கியநாதனும் முதல்வரானது அறுதிப் பெரும்பான்மை இல்லாத சபைகளில்தான்.

இப்படி வரும் முதல்வரின் கதிரை வரவுசெலவுத் திட்டத்தில் தங்கியிருக்கிறது. அது இரண்டாவது தடவையும் தோற்றால் அவர் பதவி விலகியதாகவே கருதப்படும். 2020 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ஆர்னோல்ட் பதவியிழந்ததும், மணிவண்ணன் வந்ததும் அவ்வாறே.

இதெல்லாம் தேர்தல் நடந்தால்தானே. 1994க்குப் பின் மட்டக்களப்பில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது 2008 மார்ச் 10இல். இடையில் 14 ஆண்டுகள் யுத்தம் தின்றவை. அந்தத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ஐக்கிய தேசியக் கட்சியும் போட்டியிடவில்லை. அப்போதும் ஆயுதம் தரித்திருந்த தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி, ஆளுங்கூட்டணியின் வெற்றிலைச் சின்னத்தில் நின்றது. 19 ஆசனங்களில் 11 அந்தப் பட்டியலுக்கு. சிவகீதா பிரபாகரன் முதல்வரானார். அதைச் சுதந்திரமான தெரிவு என்று எழுத என்னால் முடியவில்லை. அந்தச் சபையின் காலம் முடிந்தபின் 2018 வரை மீண்டும் ஆணையாளரின் நிர்வாகம்.

2023இல் யுத்தம் இல்லை; பணம் இல்லை என்றார்கள். மார்ச் 9க்குக் குறித்த தேர்தல் திறைசேரி நிதி விடுவிக்காததால் நின்றது. ஏப்ரல் 25உம் கடந்து போனது. வேட்புமனு கொடுத்த அரச ஊழியர்கள் வேலைக்குத் திரும்ப முடியாமல் மாதக்கணக்கில் தவித்தார்கள். இது வாக்காளரின் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22இல் தீர்ப்பளித்தது. சபை திரும்பி வர இரண்டு வருடங்களுக்கு மேல் சென்றிருந்தது. குப்பை அள்ளுவது நிற்கவில்லை என்பது உண்மை. ஆனால் வாவிக்குள் விழும் வடிகானைப் பற்றிக் கேட்க வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருக்கவில்லை.

வெளிநாட்டு உறவினர்கள் கேட்கும் ஒரு கேள்வி: பள்ளிக்கூடங்களுக்கு யாரைத் தெரிவு செய்கிறீர்கள்? ரொறன்ரோவில் வாக்காளர் ஒரே நாளில் முதல்வரையும் கவுன்சிலரையும் கல்விச்சபை உறுப்பினரையும் தனித்தனியாகத் தெரிவு செய்கிறார். பார்த்தி கந்தவேள், நீதன் சண் போன்றோர் அரசியலுக்குள் வந்தது கல்விச்சபை வழியாகத்தான். இங்கே அப்படியொரு சபையே இல்லை. புனித மிக்கேல், வின்சன்ட் போன்ற தேசிய பாடசாலைகள் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சின் கீழ். மற்றவை மாகாண சபைக்குரியவை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை, ஆளுநர்தான். பெற்றோருக்கு எஞ்சியிருப்பது பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அதற்கும் அதிபரே தலைவர்.

மாநகர சபையிடமாவது எழுத்தில் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் வட்டாரத்துக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும்.