கைத்துப்பாக்கி வச்சுக்கலாமா? ரிங்லெட்டில் இருந்தாலும் கே.எல்-லில் இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்

யூடியூப்பில் ஒரு அமெரிக்கர் இடுப்பிலிருந்து சின்னக் கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்துக் காட்டுகிறார். கிளாக் 19 நல்லதா, சிக் பி365 நல்லதா, சட்டைக்குள் எது தெரியாமல் இருக்கும் என்று இருபது நிமிடம் பேசுகிறார். நீங்கள் ரிங்லெட்டில் கடையை மூடிவிட்டு, அன்றைய பணத்தோடு பனி இறங்கிய மலைப்பாதையில் மோட்டாரில் வீட்டுக்குப் போகிறவர் என்றால், 'நம்மகிட்டயும் ஒண்ணு இருந்தா நல்லா இருக்குமே' என்று தோன்றலாம். தோன்றுவது குற்றமில்லை. அந்த வீடியோ உங்கள் ஊருக்கானது இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பெர்மிட் எதுவும் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம். மலேசியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை கிடையாது. போலீஸ் கொடுத்தால் கிடைக்கும், இல்லையென்றால் இல்லை.

லைசென்ஸ் யார் கொடுப்பது?

1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவரிடம் இருக்கிறது. ரிங்லெட்காரர்கள் சாமான் வாங்கத் தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் இறங்கினாலும், கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆகவே முடிவு குவாந்தானில் இருக்கும் மாநிலப் போலீஸ் தலைமையகத்தின் கையில்.

எதற்காகத் துப்பாக்கி வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. 'பயமா இருக்கு' என்ற காரணம் மட்டும் போதாது. பயிரை நாசம் செய்யும் விலங்குகளை விரட்ட விவசாயிக்குக் கிடைப்பது வேட்டைத் துப்பாக்கி, கைத்துப்பாக்கி இல்லை. வங்கி வாசலில் நிற்கும் காவலாளியின் கையில் இருப்பதும் பெரும்பாலும் நீளத் துப்பாக்கிதான். தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி லைசென்ஸ் கிடைப்பது மிக அபூர்வம். அப்படியே கிடைத்தாலும் அது அந்த ஆளுக்கு மட்டும்தான். தம்பியிடம் 'கொஞ்ச நேரம் பிடிடா' என்று கொடுக்க முடியாது.

லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டால்?

இங்கே இரண்டு சட்டங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆயுதச் சட்டத்தின் செக்‌ஷன் 8-ன் கீழ் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கி வேண்டாம், கையில் தோட்டா மட்டும் இருந்தாலே இந்தப் பிரிவு பாயும்.

இன்னொன்று கடுமையானது: 1971-ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டம். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும், 6-க்குக் குறையாத பிரம்படியும் உண்டு. நீங்கள் யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை, மிரட்டியிருக்கவும் வேண்டியதில்லை. பையில் இருந்தாலே போதும்.

இரண்டுக்கு மேல் வைத்திருந்தால், கடத்துகிறீர்கள் என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். 2024 மார்ச்சில் கே.எல். ஹோட்டல் ஒன்றில் ஆறு கைத்துப்பாக்கிகளோடு பிடிபட்ட இஸ்ரேலியர் மீது பாய்ந்தது இந்தப் பிரிவுதான். கொள்ளை போன்ற குற்றத்தின்போது சுட்டால் முன்பு தூக்கு ஒன்றே தண்டனை. 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்ட பிறகு, தூக்கா அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையும் பிரம்படியுமா என்று நீதிபதி முடிவு செய்யலாம்.

ஏன் இவ்வளவு கடுமை?

இதற்குத் தாத்தா பாட்டி காலத்துக்குப் போக வேண்டும். 1948 ஜூன் 16-ஆம் தேதி, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார துரைகளைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. துரைமார்கள் இடுப்பில் துப்பாக்கியோடு மலைக்காட்டைச் சுற்றிய காலம் அது. அதே துப்பாக்கி அனுமதியில்லாத ஒருவரிடம் இருந்தால், தூக்குக்கயிறு.

அந்தச் சட்டத்துக்குப் பலியானவர்களில் தமிழர்கள் மறக்கக்கூடாத பெயர் எஸ்.ஏ. கணபதி. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர், இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். 1949-இல் ரவாங் பக்கம் ஒரு கைத்துப்பாக்கியோடும் ஆறு தோட்டாக்களோடும் பிடிபட்டார். அதைப் போலீஸில் ஒப்படைக்கத்தான் போய்க்கொண்டிருந்தார் என்பது அவர் தரப்பு. நேருவின் அரசாங்கம் தலையிட்டுக் கேட்டும் பலனில்லை. அந்த ஆண்டு மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தொழிலாளர் தலைவர் ஒருவரை ஒழித்துக்கட்ட ஆயுதச் சட்டம் வசதியாகக் கிடைத்தது என்று சொல்பவர்கள் உண்டு. அந்தச் சந்தேகத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது.

அப்ப பொம்மைத் துப்பாக்கி?

இதில்தான் இளைஞர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பார்க்க நிஜம் போலவே இருக்கும் துப்பாக்கியை ஆன்லைனில் வாங்கி, டிக்டாக்கில் போஸ் கொடுப்பது. ஆயுதச் சட்டத்தின் செக்‌ஷன் 36 போலித் துப்பாக்கிக்கும் பொருந்தும்: ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 'இது சுடாதுங்க' என்ற பதில் உதவாது. காற்றுத் துப்பாக்கி விஷயம் இன்னும் மோசம். சட்டத்தின் விளக்கத்திலேயே அது ஆயுதமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. துப்பாக்கியின் உதிரிப் பாகமும் அப்படித்தான். ஒவ்வொரு துண்டாகத் தருவித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

சரி, கத்தி வச்சுக்கலாமா?

தோட்டத்து வேலைக்குப் பாராங் எடுத்துப் போனால் அது வேலைக் கருவி, நியாயமான காரணம் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு ரிங்லெட் கடைத்தெருவில் மோட்டார் சீட்டுக்கு அடியில் 'சேஃப்டிக்கு' என்று வைத்திருந்தால் கதை வேறு. 1958-ஆம் ஆண்டு அபாயகர ஆயுதச் சட்டத்தின் கீழ் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, கூடவே பிரம்படி.

தற்காப்பு உரிமையே இல்லையா என்றால், இருக்கிறது. தண்டனைச் சட்டத்தின் செக்‌ஷன் 96 முதல் 106 வரை அதைப் பற்றித்தான் பேசுகின்றன. உங்களைத் தாக்க வருபவரைத் தடுக்கலாம். தேவைக்கு மேல் அடிக்கக்கூடாது. போலீஸை அழைக்க நேரம் இருந்தால் அழைக்க வேண்டும். அந்த உரிமை உங்கள் உடலையும் உடைமையையும் காக்கத்தான். ஆயுதத்தோடு ஊர் சுற்ற அது லைசென்ஸ் ஆகாது.

கடைக்காரர்கள் செய்யக்கூடியது சலிப்பான விஷயங்கள்தான்: பணத்தை அன்றன்றே வங்கியில் போடுவது, இருவராக இறங்குவது, தினமும் ஒரே நேரத்தில் கிளம்பாமல் இருப்பது.

பழைய லயத்து வீட்டின் பரணிலோ காட்டு ஓரத்திலோ துப்பாக்கியோ தோட்டாவோ கண்ணில் பட்டால், எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பாதீர்கள். தொடாமல், இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு 999-க்கு அழையுங்கள். அவர்களே வந்து எடுக்கட்டும்.