பகற்றுயிலும் மருந்துச் சீட்டும்

இலண்டன் மாநகரின் மேற்குப் புறத்தே, அக்ஸ்பிரிட்ஜ் சாலை என்னும் பழைய நெடுஞ்சாலையின் இருமருங்கும் பரந்து கிடக்கும் வெஸ்ட் ஈலிங்கில், ஆகஸ்டு மாதத்தில் சாப்பல் வீதி ஸ்ரீ கனகதுர்க்கை அம்மன் தேர் வெளியே வரும் நாளன்று தமிழரின் ஆரவாரத்தைக் காண்பவர்களுக்கு, அவ்வூர் ஒரு காலத்தில் ஈலிங் டீன் என்ற பெயரோடு அமைதியாய் இருந்த சிற்றூர் என்று நம்புவது கடினம். 1871-இல் இங்கே புகைவண்டி நிலையம் ஏற்பட்டது; 1899-இல் அதற்கு இன்றைய பெயர் வந்தது. அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையிலேதான், நான் இங்கே எழுதப் புகும் வியாதிக்கும் அதன் இன்றைய பெயர் கிடைத்தது.

நார்கோலெப்ஸி என்பது அவ்வியாதியின் பெயர். வேலையின் நடுவிலும், பேச்சின் நடுவிலும், பூஜையின் நடுவிலும் தடுக்கவொண்ணாத நித்திரை வந்து ஆட்கொள்ளும். சிலருக்கு வாய்விட்டுச் சிரித்த மாத்திரத்தில் முழங்கால் தளர்ந்து, நினைவு தப்பாமலே உடல் சரிந்துவிடும். நம்மவர் இத்தகையோரைச் சோம்பேறி என்பர். கும்பகர்ணன் என்று பெயரும் சூட்டுவர். இது பெரிய அநியாயம். கும்பகர்ணன் மாதக்கணக்கில் ஆழ்ந்து உறங்கியவன். இந்நோயாளியோ இரவில் பலமுறை விழித்தெழுந்து, நல்ல உறக்கம் இன்னதென்று அறியாமலே பகலைச் சந்திப்பவர். நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அவர் பிறரைவிட மிகுதியாகத் தூங்குவதில்லை. உறக்கமும் விழிப்பும் தத்தம் எல்லையில் நில்லாமையே அவர் துன்பம்.

1672-இல் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில வைத்தியர் பகலில் ஓயாது தூங்கிவிழுவோரைப் பற்றி எழுதியிருக்கிறார். 1880-இல் பிரெஞ்சுக் கடற்படையில் முன்பு வைத்தியராயிருந்த ழெலினோ என்பவர், திராட்சை மதுப் பீப்பாய் வியாபாரியான 38 வயது மனிதர் ஒருவரின் சரித்திரத்தை எழுதி, நோய்க்கு இப்பெயரைச் சூட்டினார். இலண்டனில் குவீன் சதுக்கத்து நரம்பு வைத்தியசாலையோடு தொடர்புடைய ஏடி என்ற ஆஸ்திரேலியர், இது வேறொன்றின் நிழலன்று, தனக்கெனத் தனி இயல்புடைய வியாதியே என்று 1926-இல் வாதிட்டார். பெயரும் இலக்கணமும் கிடைத்தனவேயன்றி, மருந்து கிடைக்கவில்லை.

மருந்து கீழைத் தேசத்திலிருந்து வந்தது. சீனர் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த மா ஹுவாங் என்னும் செடியிலிருந்து, 1885-இல் ஜப்பானிய இரசாயன நிபுணர் நாகாய் எபிட்ரின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார். அதன் இனத்துச் செடிகள் இமயத்தின் சாரலிலும் வளர்கின்றன. கல்கத்தாவில் சோப்ரா அவற்றை ஆராய்ந்தார். 1931-இல் இச்சத்து பகற்றுயிலுக்குப் பயன்படும் என்று கண்டனர். நான்கே ஆண்டுகளில், 1935-இல், அமெரிக்காவில் பிரின்ஸ்மெட்டல், புளூம்பெர்க் என்னும் இருவர் அதைவிட வலியதான பென்சிட்ரின் என்னும் ஆம்பெட்டமைனைக் கொடுத்து, நோயாளிகள் விழித்திருக்கக் கண்டனர்.

இங்கேதான் இம்மருந்தின் சரித்திரம் இரண்டு கிளையாகப் பிரிகிறது. ஒரு கிளையில், நோயாளி தம் தொழிலைச் செய்யவும் குழந்தையைத் தூக்கவும் வல்லவராயினார். மற்றொரு கிளையில், அதே பொருள் இரண்டாவது உலக யுத்தத்தில் களைத்த போர்வீரரின் பையில் புகுந்தது. 1960-களின் தொடக்கத்தில் இலண்டன் சோஹோவின் நடன விடுதிகளில் ஊதா இதயங்கள் என்ற செல்லப் பெயரோடு இளைஞரிடையே கைமாறியது. 1964-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் மருந்துச் சீட்டின்றி ஆம்பெட்டமைன் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை இன்னும் விரிவாக்கியது. இன்று அக்ஸ்பிரிட்ஜ் சாலையில் ஒரு மருந்துக் கடையில் அவ்வினத்து டெக்ஸாம்பெட்டமைன் வாங்க நிற்பவர், சீட்டு 28 நாளைக்கே செல்லும் என்பதையும், பொருள் பூட்டிய அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டுப் பதிவேட்டில் ஏறுவதையும் காண்பார். தம்மைக் குற்றவாளிபோல் நடத்துகிறார்களே என்று அவருக்கு மனம் நோகலாம். ஆயினும், பிறர் செய்த துஷ்பிரயோகத்தால் அம்மருந்து உலகத்தை விட்டே ஓட்டப்படாமல், தேவையுள்ளவருக்கு மட்டும் எஞ்சி நிற்பதற்கு அந்தப் பூட்டே காவல் என்று நான் கருதுகிறேன்.

சிரிப்பினால் சரிந்து விழுவதைத் தடுக்க, மனச்சோர்வுக்குரிய மருந்துகளை 1960 முதல் வைத்தியர் வழங்கலாயினர். அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் சரிவு முன்னைவிடப் பன்மடங்காகத் திரும்பி வரும். குணமாகிவிட்டது என்று தாமே தீர்மானித்து மாத்திரைப் பெட்டியை மூடிவைப்பவர் பலர் இருப்பதால், இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1998-க்கும் 2000-க்கும் இடையே மூலகாரணம் வெளிப்பட்டது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஒரெக்ஸின் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிந்துபோவதே, சரிவும் உடன் வரும் வகையான நார்கோலெப்ஸிக்கு நிமித்தம். சோம்பேறி என்ற வசைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேறில்லை.

அதே காலத்தில் பிரான்சில் பிறந்த மோடபினில் என்னும் மாத்திரை பரவியது. காலையில் ஒரு முறை, அல்லது காலையும் நண்பகலுமாக இரு முறை உட்கொள்வது. பிற்பகல் கடந்து விழுங்கினால் இரவுத் துயில் கெடும். இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காதவருக்கும் இருதயத் துடிப்பு ஒழுங்கற்றவருக்கும் ஆகாது. மேனியில் தடிப்பு எழுந்தால் உடனே நிறுத்தி வைத்தியரை நாட வேண்டும். பெண்களுக்கோ மற்றொரு ஜாக்கிரதை: இது கருத்தடை மாத்திரையின் வலிமையைக் குறைப்பதோடு, கருவிலுள்ள சிசுவுக்கு அங்கக்குறை நேரக்கூடும் என்று பிரிட்டிஷ் மருந்துக் கண்காணிப்பு நிறுவனம் 2020-இல் எச்சரித்தது. ஆகையால் வேறு வகைக் கருத்தடையை, மோடபினிலை நிறுத்திய பின்னும் இரண்டு மாதம் கைக்கொள்ள வேண்டும். கருத்தடையைப் பற்றி வைத்தியரிடம் பேசக் கூசும் நம் இல்லங்களில், இந்த ஒரு செய்தி காதில் விழாமலே போய்விடுமோ என்பதே என் கவலை.

நம்மவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து வருபவர் பெட்டியில் மாத்திரை வரவழைப்பதும், உறவினருக்குக் கேட்ட மருந்தைத் தாமும் விழுங்கிப் பார்ப்பதும் அன்பின் காரியமாகவே நடக்கின்றன. இவ்வியாதி மருந்துகளில் அந்த அன்பு ஆகாது. அவ்வாறே, நோய் உண்டென்று தெரிந்த பின் அதனை ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு அறிவிப்பது இந்நாட்டில் சட்டக் கடமை. பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சி மறைப்பவர் தம்மையும் வீதியில் நடப்போரையும் அபாயத்தில் வைக்கிறார்.

மற்றொரு மருந்து சோடியம் ஆக்ஸிபேட். 1960-களில் பிரான்சில் லபோரி மயக்க மருந்தாக ஆராய்ந்த இதனை, 1970-களில் கனடாவில் புரோட்டன், மாமெலாக் ஆகியோர் இந்நோயில் சோதித்தனர். ஐரோப்பாவில் 2005-இல் அனுமதி பெற்றது. பகலில் விழிக்கவைப்பது இதன் வேலையன்று. இரவைச் சீர்செய்து, அதன் வழியே பகலைச் சீர்செய்வது. ஓர் இரவுக்குரிய உச்ச அளவான 9 கிராமில் ஏறத்தாழ 1.6 கிராம் சோடியம் இருப்பதால், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர் அதை வைத்தியரிடம் முன்னரே கூற வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் இதனோடு சேர்ந்தால் சுவாசமே அடங்கிவிடக்கூடும்.

ஆகவே வெஸ்ட் ஈலிங்கில் இம்மருந்து உள்ள ஒரு வீட்டின் இரவு இப்படி ஒழுங்காகிறது. ஒன்பது மணிக்குச் சோறுண்ணும் பழக்கத்தை விட்டு, படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பே உணவு முடிகிறது. இரண்டு சிறு குவளைகளில் நீரோடு கலந்த மருந்து ஊற்றப்பட்டு, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் மூடி வைக்கப்படுகிறது. கட்டிலில் அமர்ந்தபடியே முதற் குவளை. இரண்டரை மணி முதல் நான்கு மணி நேரம் சென்றபின், தலைமாட்டுக் கடிகாரம் மணியடிக்க, எழுந்து நடவாமல் அதே இடத்தில் இரண்டாவது குவளை. அது தவறிப்போனால் தவறியதாகவே விடப்படுகிறது. இரண்டையும் ஒருசேர அருந்துவதில்லை. பின்பு விளக்கு அணைகிறது.